இஞ்சி கேக்: எதைப் போடுவது, எதை விடுவது?

மழை விடாமல் பெய்கிற ஒரு சாயங்காலம் இஞ்சி கேக் செய்யலாம் என்று தோன்றினால், குடையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓட வேண்டியதில்லை. வேண்டிய சாமான் எல்லாம் அடுப்படியிலேயே இருக்கும். தொல்லை என்னவென்றால், எல்லாமே இரண்டு மூன்று வகையாக இருக்கும். பச்சை இஞ்சியும் உண்டு, சுக்கும் உண்டு. சீனி, வெல்லம், கருப்பட்டி மூன்றும் உண்டு. மைதா அரைப் பாக்கெட், கோதுமை மாவு டப்பா நிறைய. எண்ணெய், நெய், வெண்ணெய். ஆப்ப சோடா, போன டிசம்பரில் வாங்கிய பேக்கிங் பவுடர். இதில் எதை எடுப்பது?

சமையல் குறிப்பைத் தேடிப் போனால் முதல் வரியிலேயே நம்மிடம் இல்லாத ஒன்றைக் கேட்பார்கள். இஞ்சி கேக் இங்கிலாந்துக்காரர்களின் வீட்டுப் பலகாரம். அவர்கள் அதில் ஊற்றுவது பிளாக் டிரீக்கிள், அதாவது கரும்பிலிருந்து சீனி எடுத்த பிறகு மிஞ்சும் கறுத்த பாகு. யார்க்ஷயர் பக்கம் ஓட்ஸும் அந்தப் பாகும் சேர்த்துப் பார்க்கின் என்று ஒரு இஞ்சி கேக் செய்வார்கள். நவம்பர் 5 ராத்திரி சொக்கப்பனை மாதிரி தீ மூட்டிக் கொண்டாடும்போது அதைத் தின்பது அங்கே வழக்கம். அந்தப் பாகு நம் மளிகைக் கடையில் கிடைக்காது. கிடைக்காதது நல்லதுக்குத்தான் என்பேன், ஏனென்று கீழே சொல்கிறேன்.

இந்தக் கேக்கைப் பதினைந்து தடவையாவது செய்திருப்பேன். ஆரம்பத்தில் என் கவலை முழுக்க இஞ்சியைப் பற்றியே இருந்தது. எவ்வளவு போடுவது, துருவுவதா அரைப்பதா என்று. பிறகுதான் பிடிபட்டது, இந்தக் கேக்கின் போக்கை முடிவு செய்வது இஞ்சி அல்ல, இனிப்பு. எந்த இனிப்பு என்று தெளிவாகிவிட்டால் பாலா தயிரா, சோடாவா பவுடரா, அடுப்பில் எவ்வளவு சூடு என்பதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

சீனி போட்டால் கேக் நன்றாக உப்பும், பார்க்க மஞ்சளாக அழகாக இருக்கும். ஆனால் இஞ்சி தனியாக நிற்கும். காரம் வருகிறது, அதைத் தாங்கிப் பிடிக்க அடியில் எதுவும் இல்லை. டீக்கடை கேக்கில் யாரோ இஞ்சிச் சாறு சிந்திவிட்ட மாதிரி ஒரு ருசி. நாட்டுச் சர்க்கரை இதைவிடத் தேவலை. உருக்க வேண்டாம், வடிகட்ட வேண்டாம், கட்டியை நசுக்கிச் சலித்தால் போதும். அவசரத்துக்கு அதுவே சரி.

வெல்லத்தில் நிறம் பார்த்து எடுக்க வேண்டும். பளிச்சென்று மஞ்சளாக மின்னுகிற வெல்லம் பெரும்பாலும் வெளுப்பதற்கு ரசாயனம் சேர்த்துக் காய்ச்சியது. கறுத்த, கொஞ்சம் பிசுபிசுப்பான உருண்டையாக எடுத்தால் கேக்குக்கு நல்ல பழுப்பு நிறமும், பாகின் வாசனையும் கிடைக்கும். வெல்லத்திலேயே லேசாக உப்புக் கரிப்பு இருக்கும் என்பதால் உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டில் கருப்பட்டி இல்லையென்றால் வெல்லத்தில் செய்த கேக்கே போதும், ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் கருப்பட்டி இருந்தால் கதையே வேறு. டிரீக்கிள் தருகிற கறுப்பு, அடியில் ஓடுகிற மெல்லிய கசப்பு, கொஞ்சம் புகைவாசம் எல்லாம் இதிலும் உண்டு. டிரீக்கிளில் இல்லாத பனையின் மணமும் சேர்ந்துகொள்ளும். சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; சுக்குக் காபி குடித்து வளர்ந்த நாக்கு. எங்கள் பக்கத்தில் உடன்குடிக் கருப்பட்டிக்குத் தனி மரியாதை, புவிசார் குறியீடு கூட வாங்கிவிட்டது. சீனிப்பாகு கலந்த கருப்பட்டியும் சந்தையில் தாராளமாக வருகிறது. அதைக் கண்டுபிடிக்க ஆளுக்கொரு சோதனை சொல்வார்கள். நான் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்ப்பதோடு சரி. வெறும் தித்திப்பாக இருந்தால் வேண்டாம். கடைசியில் ஒரு கரிப்பும் கசப்பும் நாக்கில் தங்கினால் அது என் சாமான். சுக்கு, மிளகு, ஏலம் சேர்த்த சில்லுக்கருப்பட்டி கையில் இருந்தால் அதையும் போடலாம், ஆனால் சுக்குத்தூளைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கருப்பட்டியை உருக்குவதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். 200 கிராம் எடுத்து, துணியில் சுற்றி அம்மிக் குழவியால் இரண்டு போடு போட்டால் நொறுங்கும். 100 மில்லி தண்ணீர் விட்டுச் சிறு தீயில் வைத்துக் கரைய மட்டும் விடுங்கள். பாகுப் பதத்துக்குப் போகவே கூடாது. கம்பிப் பதம் வந்தால் கேக்கின் ஓரமெல்லாம் கடலை மிட்டாய் ஆகிவிடும். கரைந்ததும் டீ வடிகட்டியில் வடித்துவிட்டு அடியில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். பொடி மணல், ஒரு துளி ஓலைச் சிம்பு, கறுப்பாக இன்னதென்று தெரியாத ஏதோ ஒன்று. ஒருமுறை சோம்பல்பட்டு வடிகட்டாமல் ஊற்றினேன். அன்று கேக் தின்ற எல்லோருடைய பல்லும் நறநறவென்றது. வடித்த கரைசல் சூடாக இருக்கும்போதே எண்ணெயை அதில் ஊற்றிக் கலக்கி, விரல் வைத்தால் பொறுக்கும் சூடு வரும்வரை ஆறவிட வேண்டும். சூட்டோடு முட்டையைச் சேர்த்தால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும்.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஆங்கிலக் குறிப்புகளில் வெறும் சோடாவை மட்டும் போடச் சொல்வார்கள், ஏனென்றால் டிரீக்கிளுக்கே புளிப்புத் தன்மை உண்டு. அதோடு சேர்ந்து சோடா பொங்கிவிடும். அதே கணக்கைக் கருப்பட்டிக்குப் போட்டால் ஏமாறலாம். பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில்தான் இறக்குகிறார்கள். அந்தப் பதநீரைக் காய்ச்சியதுதான் கருப்பட்டி. ஆகவே சோடாவுக்கு வேண்டிய புளிப்பு அதில் இருக்கும் என்று நம்பி இறங்க முடியாது. பொங்காத சோடா கேக்கில் அப்படியே தங்கி, சோப்பு மாதிரி ஒரு ருசி காட்டும். அதனால் புளிப்பை நாம்தான் கொடுக்க வேண்டும், அதற்குத் தயிர்.

பாலா தயிரா என்ற கேள்விக்கு இதிலேயே பதில் வந்துவிட்டது. பாலுக்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு. பச்சை இஞ்சியைக் கொதிக்காத பாலில் தட்டிப்போட்டால் பால் திரிந்துபோகும், டீ போடுகிற யாருக்கும் இது தெரியும். இஞ்சியில் இருக்கும் ஒரு நொதி பாலின் புரதத்தை உடைப்பதால் வருவது அது. தெற்குச் சீனாவில் இதையே வித்தையாக்கி, இஞ்சிச் சாற்றின் மேல் சூடான இனிப்புப் பாலை ஊற்றி, ஆடாமல் அசையாமல் உறையவைத்துக் கரண்டியால் அள்ளித் தின்கிறார்கள். கேக் மாவில் பால் திரிந்தால் குடி முழுகிவிடாது; ஆனாலும் தயிர் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு? நேற்றைய தயிராக, கொஞ்சம் புளித்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

அளவு: ஒன்றரைக் கப் மாவுக்குக் கால் கப் தயிர், அரை டீஸ்பூன் ஆப்ப சோடா, கூடவே ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர். பவுடர் இல்லையென்றால் சோடாவை ஏற்றாமல் தயிரை மட்டும் இரண்டு கரண்டி கூட்டிக்கொள்ளலாம், கேக் சற்று அடர்த்தியாக வரும், அவ்வளவுதான். போன வருஷத்துப் பவுடரை நம்பும் முன் ஒரு டீஸ்பூனை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பொசுபொசுவென்று நுரைக்காவிட்டால் குப்பைக்கு அனுப்பிவிடலாம்.

சரி, இஞ்சிக்கு வருவோம். பச்சை இஞ்சியும் சுக்கும் ஒரே பொருளின் ஈரமும் காய்ந்ததும் என்று நினைத்துத்தான் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடுகிறோம். ‘காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு’ என்று வேளை பிரித்துக் கொடுத்தவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைக்கவில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளிலிருந்து வருகிறது. இஞ்சி காயும்போது ஜிஞ்சரால் நீரை இழந்து ஷோகால் என்ற வேறொன்றாக மாறுகிறது. இதன் காரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பச்சை இஞ்சியை வேகவைத்தாலோ ஜிஞ்சரால் ஜிஞ்சரோன் ஆகிறது. அது சாது, காரத்தைவிட இனிப்பு மணம்தான் அதிகம். ஆக, துருவிப் போட்ட இஞ்சி அடுப்பில் இருந்து வெளியே வரும்போது பாதிக் கோபத்தை விட்டுவிட்டு வரும். சுக்கு அப்படியல்ல. முதல் கடியில் ஒன்றும் தெரியாது, விழுங்கியபின் தொண்டையில் மெல்லச் சூடேறும்.

ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் என் ஓட்டு சுக்குக்கு. இரண்டும் இருந்தால் இரண்டும். ஒன்றரைக் கப் மாவுக்கு இரண்டு டீஸ்பூன் சுக்குத்தூள், ஒரு டேபிள்ஸ்பூன் துருவிய இஞ்சி. சுக்கு அடித்தளம், இஞ்சி மேலே அந்த எலுமிச்சை மாதிரியான புது வாசனையைக் கொடுக்கும். பச்சை இஞ்சி மட்டும் இருந்தால் அளவை இரண்டு டேபிள்ஸ்பூனாக்கி, கால் டீஸ்பூன் மிளகுத்தூள் சேருங்கள், தொண்டைக்கு வேண்டியது அதில் கிடைத்துவிடும். முற்றிய இஞ்சியே வேண்டும். பொங்கல் சமயத்தில் இலையோடு கொத்தாக வருகிற இளம் இஞ்சி ஊறுகாய்க்கு அருமை, கேக்கில் தண்ணீராகப் போய்விடும்.

சுக்கைப் பொடித்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொடித்து ஆறு மாதமான சுக்குத்தூளில் வைக்கோல் வாசனைதான் இருக்கும். முழுச் சுக்காக வாங்கி, ‘சுக்குக்குப் புறநஞ்சு’ என்று பெரியவர்கள் சொன்னபடி தோலைச் சீவி, தட்டி, மிக்ஸியில் அரைத்துச் சலித்தால் நாரெல்லாம் சல்லடையில் நின்றுவிடும். அந்த நாரை எறியாமல் டீக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சுக்குத்தூள் தீர்ந்துபோன ஒரு நாள், இருக்கிற சுக்குமல்லிக் காபித்தூளைப் போட்டால் என்ன என்று தோன்றியது. அதிலும் சுக்குதானே? அடுப்பில் வைத்த கால் மணி நேரத்தில் வீடு முழுக்கக் கொத்தமல்லி விதை வறுத்த வாசனை. கேக் வெந்தது, உப்பியது, பார்க்க லட்சணமாகவும் இருந்தது. வெட்டி ஒரு வாய் போட்டுக்கொண்ட ஆச்சி, “என்னட்டி இது, ரசப்பொடியில பண்ணுனியா?” என்று கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். அந்தத் தூளில் பாதிக்கு மேல் மல்லி. யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பட்டை அரை டீஸ்பூன், கிராம்பு இரண்டு, இவை இருந்தால் போதும். ஏலக்காய் போட்டால் பாயசத்தின் நினைவு வந்துவிடுகிறது என்பதால் நான் போடுவதில்லை. அது என் சொந்த வம்பு, உங்களுக்குப் பிடித்தால் போடுங்கள்.

மாவில் பெரிய தர்க்கத்துக்கு இடமில்லை. மைதா மட்டும் போட்டால் மெத்தென்று வரும். கோதுமை மாவு மட்டும் போட்டால் தவிட்டு வாசனை, கருப்பட்டியோடு அது ஒத்துப்போகும்தான், ஆனால் மாவு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர் கூட விட்டுக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் உதிரும். ஒரு கப் மைதாவும் அரைக் கப் கோதுமையும் எனக்குச் சரியாக இருக்கிறது. கேழ்வரகு மாவு சேர்க்க ஆசைப்பட்டால் கால் பங்கோடு நிறுத்துங்கள். அதில் பிடிமானம் கிடையாது.

எண்ணெயா வெண்ணெயா என்பதில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதம். சாதாரண கேக்கில் வெண்ணெயை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் சுக்கும் கருப்பட்டியும் போட்ட கேக்கில் வெண்ணெயின் வாசனை எங்கே தெரியப்போகிறது? காசு கொடுத்து வாங்கி ஒளித்துவைத்த மாதிரி. எண்ணெய் ஆறினாலும் இறுகாது, அதனால் நாலு நாள் ஆனாலும் கேக் ஈரமாக இருக்கும். சூரியகாந்தி எண்ணெய் அரைக் கப்புக்குச் சற்றுக் குறைவாக, 100 மில்லி. நல்லெண்ணெய் வேண்டாம், வாசனை முட்டி மோதும். தேங்காயெண்ணெய் ருசிக்கு நன்றாகவே சேரும், ஆனால் மார்கழிக் குளிரில் உறைந்து கேக்கை இறுக்கிவிடும்.

முட்டை விஷயம் வீட்டுக்கு வீடு வேறு. சாப்பிடுகிற வீடாக இருந்தால் இரண்டு முட்டை போடுங்கள், இதற்கு மாற்றுக் கருத்தே கிடையாது. கருப்பட்டிக் கரைசல் கனமானது. அதைத் தூக்கி நிறுத்த முட்டை வேண்டும். முட்டை இல்லாமல் செய்தால் நடுவில் லேசாகக் குழி விழும், தவிர்ப்பது கஷ்டம். தயிரைக் கால் கப்பிலிருந்து முக்கால் கப்பாக்கி, சோடாவை முக்கால் டீஸ்பூனாக்கி, உயரம் குறைந்த அகலமான பாத்திரத்தில் ஊற்றினால் குழி அவ்வளவாகத் தெரியாது. சதுரத் துண்டுகளாக வெட்டிவிட்டால் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

கலப்பது ஐந்து நிமிட வேலை. ஆறிய கரைசலில் முட்டை, தயிர், துருவிய இஞ்சி. மாவு, சுக்கு, பட்டை, கிராம்புப் பொடி, சோடா, பவுடர், உப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு தடவை சலித்து அதில் கொட்ட வேண்டும். பீட்டர் வேண்டாம், கரண்டி போதும். வெள்ளை மாவு கண்ணில் படாத அளவுக்குக் கிளறியதும் நிறுத்திவிடுங்கள். மேலும் கிளறினால் ரப்பர். மாவு தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, கரண்டியிலிருந்து நாடா மாதிரி இறங்கும். தயிரும் சோடாவும் சந்தித்தவுடன் மேலே சின்னச் சின்னக் குமிழி கிளம்புவது தெரியும். அதைப் பார்த்துவிட்டால் போன் வந்தாலும் எடுக்கக் கூடாது, நேராக அடுப்புக்கு.

அடுப்பு என்றதும் ஓ.டி.ஜி., அதாவது கேக் சுடுகிற மின் அடுப்பு, இல்லையே என்று தயங்குகிறவர்கள் உண்டு. மற்ற கேக்குகளுக்கு அந்தத் தயக்கம் நியாயம், குக்கரில் செய்தால் மேல்பக்கம் சிவக்காமல் வெளிறிப்போகும். இஞ்சி கேக் மாவிலேயே கறுப்பு. சிவக்க என்ன இருக்கிறது? அதனால் குக்கரில் இது தோற்பதே இல்லை. உள்ளே ஆவி சுற்றிக்கொண்டிருப்பதால் ஈரம்கூடக் கொஞ்சம் அதிகம். ரப்பரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் ஒரு கப் கல்லுப்பைப் பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, பத்து நிமிடம் சூடாக்கியபின் பாத்திரத்தை இறக்குங்கள். சிறு தீயில் 45 முதல் 55 நிமிடம். காலிக் குக்கரை இப்படிக் காயவைப்பது அதற்கு நல்லதல்ல, ஆகவே நல்ல குக்கரை விட்டுவிட்டு ஓய்வு கொடுத்த பழைய குக்கரையோ, தட்டு போட்டு மூடிய அடிகனமான பாத்திரத்தையோ எடுங்கள். இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்தால் கேக் வராது, புட்டிங் மாதிரி ஒன்று வரும். அதையும் சூடாகத் தேங்காய்ப்பாலோடு தின்னலாம், ஆனால் அது வேறு பலகாரம்.

ஓ.டி.ஜி. இருக்கிறவர்கள் 160 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். வழக்கமான 180-ல் வைத்தால் உள்ளே வேகும் முன்னே கருப்பட்டி அடியில் தீய்ந்துவிடும். காகிதத்தை இரட்டையாகப் போட்டு, ஏழு அங்குலத் தட்டில் 45 நிமிடம். ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்தால் ஒன்றிரண்டு ஈரப் பொடி ஒட்ட வேண்டும். துடைத்தெடுத்த மாதிரி வந்தால் கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டது என்று அர்த்தம்.

வெந்ததும் வெட்டுவதா, பொறுப்பதா என்பதுதான் கடைசிக் கேள்வி, வீட்டில் சண்டை வருவதும் இதில்தான். சூடாக வெட்டினால் சுக்கு மட்டும் முன்னால் வந்து நிற்கும், கத்தியில் மாவு ஒட்டும். ஆறவைத்து, டப்பாவில் மூடி ஒரு ராத்திரி விட்டால் மேல்தோல் இளகிப் பிசுபிசுப்பாகும். கருப்பட்டி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிற சாமான். காரமும் இனிப்பும் அதற்குள் சமாதானமாகியிருக்கும். பார்க்கினையும் இப்படித்தான் சில நாள் டப்பாவில் போட்டு வைத்துவிட்டுத் திறப்பார்கள். எங்கள் வீட்டில் அவ்வளவு பொறுமை கிடையாது, ஓரத்துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை ஒளித்துவைக்கிறேன்.

மழைக்காலத்தில் வெளியே வைத்தால் மூன்று நாள், நாலாம் நாள் பூசணம் எட்டிப் பார்க்கலாம். அதற்கு முன்பே மிஞ்சியதை ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுவேன். குளிர்ந்து இறுகிய துண்டை விரல் கனத்துக்கு வெட்டி, தோசைக்கல்லில் ஒரு சொட்டு நெய் விட்டு இரண்டு பக்கமும் சுட்டெடுத்தால் ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே இளக்கமாக வரும். கட்டன் டீயோடு இரண்டு துண்டு.